கடைசி நாற்பது அடி

“நீயெல்லாம் கடைசி வரைக்கும் உக்காந்திருக்கிற ஆளு இல்ல தாயி. அஞ்சாப்போட நின்னுருவ, பாரு.”

படம் காட்ட வந்த ஒரு மனிதர் இதை என்னிடம் சொன்னார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பில்தான் இருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் போனதில்லை. அதுவரைக்கும்கூட யாரும் வந்ததில்லை. ஊரில் நடப்பதைத்தான் அவர் சொன்னார். அப்படியும் எனக்கு ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

அவர் பெயர் இப்போது எனக்குத் தெரியும், பதிவேட்டில் படித்துவிட்டேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. எங்களுக்கு அவர் கழுதைப் படத்துக்காரர். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டி. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சாம்பல் நிற அரசாங்க வேன் ஒன்று வரும். அதற்குள் ஒரு புரொஜெக்டர், ஒரு ஜெனரேட்டர், மடித்த வெள்ளைத் திரை, அவர். களையெடுக்கப் போன பெண்கள் இரண்டு மணிக்கெல்லாம் கரையேறிவிடுவார்கள் என்று தெரிந்துவைத்துக்கொண்டு மத்தியானம்தான் வருவார். பஞ்சாயத்துக் கட்டடத்தின் ஜன்னல்களில் வெங்காயச் சாக்குகளை ஆணியடித்து மாட்டி வெளிச்சத்தை அடைப்பார்கள். சாக்கின் இழை வழியாக வெயில் ஊசி ஊசியாக உள்ளே இறங்கும். தலையில் வெங்காயச் சருகு உதிரும்.

முதலில் கழுதைப் படம். அது பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் ஓடினால் அம்மாக்கள் பின்னால் வருவார்கள் என்பது அவர் கணக்கு. அம்மாக்கள் வந்து உட்கார்ந்ததும் உரம், கொசு, அம்மைத் தடுப்பு. எல்லாவற்றுக்கும் கடைசியில் குடும்பக் கட்டுப்பாடு. அதற்கு முன்னால் எங்களை எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்.

“சின்ன ஆளுக எல்லாம் போயி வேனுக்குக் காவல் இருங்க. எவனாச்சும் டயரத் தூக்கிட்டுப் போயிருவான்.”

நாங்கள் நம்பிக் காவல் இருந்தோம்.

படம் இதுதான். பொம்மைப் படம், கறுப்பு வெள்ளை. கொடியில் காயும் ஒரு சட்டையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகிறது. அதைத் துவைத்தவரின் கழுதை, பழி தன் மேல் விழுமே என்று பின்னாலேயே ஓடுகிறது. சட்டை ஒரு சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிக்கொள்கிறது. பொம்மை எழுந்து நடக்கிறது. தந்திக் கம்பத்துக்கு மாட்டிக்கொள்கிறது. கம்பம் சோம்பல் முறிக்கிறது. ரயில் எஞ்சினின் புகைபோக்கியில் மாட்டி, புகை ஏறி ஊதி, தொப்பை போடுகிறது. கடைசியில் ஒரு மலை விளிம்பு. விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் குச்சியில் சட்டை தொங்குகிறது. கழுதை கழுத்தை நீட்டுகிறது. எட்டவில்லை. ஒரு முன்னங்காலைத் தூக்கி அந்தரத்தில் வைக்கிறது.

டக். படம் நின்றுவிடும்.

“மிச்சம் கடைசியில” என்பார்.

எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் கொடியில் போட்ட துணியை அடுத்த தெருவில்தான் போய் எடுக்க வேண்டும். அதனால் அது எங்களுக்கு நடக்காத கதையாகத் தெரியவில்லை. போதாததற்கு அவர் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருப்பார். “அந்தா போகுது பாருங்க சட்ட! பாளையத்தத் தாண்டிருச்சு! கம்பம் ஊருக்குள்ள டீ குடிக்க எறங்குது! ஏ கழுத, மசமசன்னு நிக்காத, மல மெட்டு ஏறிருச்சுன்னா அங்கிட்டு மலையாளத்துலதான் பேசணும்!” கூட்டம் முழுக்கக் கத்தும். திரும்பிப் பார்த்தால் என் அம்மாவும் கத்திக்கொண்டிருப்பாள். வயலிலும் வீட்டிலும் அவள் வாய்விட்டுக் கத்தி நான் பார்த்ததே இல்லை.

குட்டையான மனிதர். கால்சட்டையை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஏற்றிப் போட்டிருப்பார். அவர் மேல் எப்போதும் வாழைப்பழ வாசனை அடிக்கும். நாள் முழுக்க வாழைப்பழம் தின்கிறவர் என்று நினைத்திருந்தோம். அறுந்த படத்தை ஒட்டுகிற பசையின் வாசனை அது என்று எனக்குத் தெரிய இருபது வருடம் பிடித்தது.

அவர் எதையும் முடித்து நான் பார்த்தது கிடையாது. யாராவது டீ கொண்டுவந்து கொடுத்தால் கடைசி வாயைக் குடிக்க மாட்டார். பீடியைப் பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொள்வார். அந்தப் பாதி பீடியை அவர் திரும்பப் பற்றவைத்தும் யாரும் பார்க்கவில்லை. ஒரு கதையைத் தொடங்குவார், நன்றாகப் போகும், “அந்த நேரம் பாத்து மாமியா கதவத் தொறந்தா” என்பார், எழுந்து ஜெனரேட்டரைப் பார்க்கப் போய்விடுவார்.

என் அம்மா ஒருமுறை கேட்டாள்: “ஏன் சார், வீட்ல சோறும் பாதியிலதான் எந்திரிப்பீகளா?”

“அங்கன ஒருத்தி இருக்கால்ல ஆத்தா, அவ என்ன செய்வான்னா...” என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீட்டில் அவள் என்ன செய்வாள் என்பது எங்கள் ஊருக்குத் தெரியவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வராது. கழுதை விழுந்ததா, விழவில்லையா? மூன்று வருடமாக அந்தக் கால் அந்தரத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு கட்சியே இருந்தது. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல எனக்கு அப்போதே பிடிக்காது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு முடிவு செய்தேன். பிள்ளைகளை வெளியே போகச் சொன்னபோது அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

“அங்கன யாரு? காவலுக்குப் போகல?”

“மிச்சம் கடைசியிலன்னு சொன்னீக. கடைசி வரைக்கும் இருக்கப் போறேன்.”

அப்போதுதான் அத்தனை பெண்களுக்கு முன்னால் அதைச் சொன்னார், நான் முதல் வரியில் எழுதியிருப்பதை. சொல்லிவிட்டு, “இரு, பாப்போம்” என்று விளக்கை அணைத்தார்.

இருந்தேன். குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் முழுவதும் இருந்தேன். ஒரு முக்கோணம் வந்தது, சிரிக்கிற முகங்கள் வந்தன, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முடிந்து பெண்கள் எழுந்து சேலையை உதறினார்கள்.

“சார், மிச்சம்.”

“அடுத்த தடவ தாயி.”

“கடைசியிலன்னு சொன்னீக. கடைசி வந்துருச்சு.”

“ஜெனரேட்டர்ல எண்ண தீந்துருச்சே.”

“ஓடுது சார். சத்தம் கேக்குது.”

அவர் விறுவிறுவென்று வெளியே போனார். சத்தம் நின்றது. திரும்பி வந்து, “இப்பக் கேக்குதா?” என்றார்.

கட்டடமே சிரித்தது. நான் எழுந்திருக்கவில்லை. தரையில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். “சிறுக்கி, கவர்மெண்டு ஆளுகிட்ட எதுத்தா பேசுற?” இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது அவர் குறுக்கே வந்தார்.

“அடிக்காதீக ஆத்தா.” சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே தீக்குச்சி இல்லை. படச்சுருளிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, என் கட்டைவிரல் நீளத்தில் பாதி. “இந்தா. ஒன்னோட மிச்சம்.”

வெளியே வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மூன்று சின்னப் படங்கள். மூன்றிலும் மலை விளிம்பு, குச்சி, குச்சியில் சட்டை. கழுதை இல்லை.

“சார், கழுத எங்க?”

“தேடு” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கழுதை விழுந்துவிட்டது, வேறு எங்கே போயிருக்கும்? கையில் ஆதாரமே இருந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை.

அடுத்த வருடம் நான் ஆறாம் வகுப்புக்கு உத்தமபாளையம் போனேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்று அப்பா சொன்ன அன்று நான் சாப்பிடாமல் கிடந்ததும், அம்மா திராட்சைத் தோட்டத்துக்குக் கூடுதலாகப் போக ஒப்புக்கொண்டதும் தனிக் கதை. வேன் வருகிற மத்தியானங்களில் நான் வகுப்பில் இருந்தேன். அதனால் அவரை அப்புறம் பார்க்கவில்லை. ஒருமுறை அவர் அம்மாவிடம், “அந்தச் சண்டக்காரி எங்க?” என்று கேட்டாராம். “ஆறாப்புப் படிக்கப் பாளையம் போயிருச்சு சார்” என்று அம்மா சொல்லியிருக்கிறாள். “சரி, பாப்போம்” என்றாராம். பாப்போம்! அந்த ஒரு சொல்லுக்காகவே ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் முறைத்துக்கொண்டு படித்தேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். புகுமுக வகுப்பு முடித்தேன். தட்டச்சு கற்றேன். தேர்வு எழுதி, தேனியில் இருக்கும் ஒரு கிளை அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். சாம்பல் நிற வேன் அந்த அலுவலகத்துடையதுதான். நான் கேட்டு வாங்கிய இடம் இல்லை. உத்தரவைப் பிரித்துப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். சேர்ந்த அன்றே அவரைப் பற்றி விசாரித்தேன். பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது, ஓய்வு பெற்ற வருடமே இறந்தும் போனார் என்றார்கள்.

நான் நின்றுவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆள். அதையும் கேட்டு முடிக்காமல் போய்விட்டார்.

போன மாதம் பழைய படச்சுருள்களைக் கழித்துக்கட்டுவதற்குப் பட்டியல் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. சுருளுக்கு எதிரே ‘பயன்பாட்டில் உள்ளது’ அல்லது ‘பயனற்றது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பயனற்றவை மொத்தமாக எடைக்குப் போய்விடும். மூன்றாவது அலமாரியில், துருப்பிடித்த வட்ட டப்பாவில், அவர் கையெழுத்தில் ஒரு சொல்: ‘கழுதை’.

இப்போதைய ஆபரேட்டரிடம் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னை மேடம் என்பார்.

“கழுதயப் பாக்கவா மேடம்? ரோட்டுல நிக்குதே.”

“இது வேற கழுத. மாட்டுங்க.”

கிடங்கின் ஜன்னலை அட்டையால் அடைத்தோம். ஓடியது.

சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. அது நல்ல படமே இல்லை. கழுதை வெட்டி வெட்டி ஓடுகிறது. ஒரே மரம் நாலு முறை வருகிறது. சோளக்கொல்லைப் பொம்மை எழுந்து நாலு அடிகூட வைக்கவில்லை. நான் இத்தனை வருடம் நினைவில் வைத்திருந்த கம்பம் டீக்கடை எங்கே? மலையேற்றம் எங்கே? அதெல்லாம் அவர் வாயில் இருந்தவை, படத்தில் இல்லை. அதைவிடக் கொடுமை, படத்துக்குச் சத்தம் இருந்தது! ஏதோ வேற்று மொழியில் ஒரு பெண் குரல் கீச்சென்று கதை சொல்கிறது, பின்னால் ஊதல் வாத்தியம். அதை அடைத்துவிட்டு அவர் பேசியிருக்கிறார். நாங்கள் அதை ஊமைப் படம் என்றே நினைத்திருந்தோம்.

மலை விளிம்பு வந்தது. குச்சி, சட்டை, கழுத்து, தூக்கிய கால். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இந்த முறை நிறுத்துவதற்கு அவர் இல்லை.

திரை வெள்ளையாகிவிட்டது. சுருளின் வால் படபடவென்று அடித்தது.

“அவ்வளவுதான் மேடம்.”

“மிச்சம்?”

“மிச்சமே இல்ல. இங்கன வெட்டியிருக்கு பாருங்க.”

டப்பாவின் அடியில் சுருளின் நிலைமை அட்டை கிடந்தது. அவர் எழுத்துதான். ‘கடைசி நாற்பது அடி, ஓரத் துளைகள் கிழிந்தன, ஓட்ட இயலாது, வெட்டி நீக்கப்பட்டது.’ பக்கத்தில் தேதி. நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முந்தைய வருடம்.

அதாவது, நான் முதன்முதலாக வெங்காயச் சாக்குக்குக் கீழே உட்கார்ந்த அன்றைக்கே அந்தப் படத்துக்கு முடிவு இல்லை. ஒரு நொடி தாமதித்தாலும் வெள்ளை தெரிந்துவிடும் என்றுதான் அவ்வளவு சரியாக நிறுத்தியிருக்கிறார். இல்லாத ஒன்றைக் கடைசியில் காட்டுகிறேன் என்று தேனியிலிருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் ஒவ்வொரு ஊரிலும் உட்கார வைத்திருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. முடிவைத் தொலைத்தவர், என்னைப் பார்த்து, கடைசி வரைக்கும் உட்கார மாட்டாய் என்றாரே! செத்துப்போன மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

அட்டையைத் தூக்கி எறியப் போய், பின்பக்கத்தைப் பார்த்தேன். பென்சிலில் பொடிப்பொடியாக ஒரு பட்டியல். ‘கோம்பை – தூங்காத அக்கா தங்கச்சி – 3. சின்னமனூர் – கல்லெறிந்த பிள்ளை – 3. லோயர் கேம்ப் – மலையாளம் பேசின பிள்ளை – 3.’ இப்படிப் பதினொரு வரி. ஏழாவது வரி: ‘அனுமந்தன்பட்டி – சண்டைக்காரி, எழுந்திருக்க மாட்டேன் என்றது – 3.’

கடைசி வரைக்கும் உட்கார்ந்து மிச்சத்தைக் கேட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், கிழிந்த நாற்பது அடியிலிருந்து மூன்று படம் கொடுத்திருக்கிறார். கொடுத்ததைக் குறித்தும் வைத்திருக்கிறார். மனதுக்குள் ஏதோ இளகியது. உடனே கோபமும் வந்தது. ஒரு பெயர் எழுதியிருக்கக் கூடாதா? ஊர் எழுதத் தெரிந்தவருக்குப் பெயர் எழுதத் தெரியாதா? அதையும் பாதியில் விட்டுவிட்டார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொரு வரி, வரிக்கு மூன்று என்றால் முப்பத்து மூன்று படம். ஓட்டினால் ஒன்றரை நொடிகூட வராது. மீதி எங்கே போனதோ. சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு வேறு பிரதி கேட்டு எழுதினேன். ‘கையிருப்பில் இல்லை’ என்று பதில் வந்தது. சுருள் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். அதே பதில், வேறு தேதியோடு.

ஆபரேட்டர், “பயனற்றதுன்னு போட்டுருங்க மேடம். முடிவே இல்லாத படத்த எவன் பாப்பான்?” என்றார்.

“எங்க பக்கம் பூரா பாத்துச்சு” என்றேன்.

பட்டியலில் கழுதைக்கு எதிரே ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான். அதை ஒரு பொய்க்குப் பக்கத்தில் போட்டது அதுதான் முதல் தடவை. கணக்குத் தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் என்ன பயன் என்று சொல்லியாக வேண்டும். சொல்ல ஏதாவது என் கையில் இருக்க வேண்டும்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள்.

“கழுத விழுந்தா என்ன, விழாட்டி என்ன? அந்தாளு வந்த அன்னிக்குத்தான் நாங்க ரெண்டு மணி நேரம் சேந்தாப்புல உக்காந்தோம்.”

“முடிவு இல்லன்னு அவருக்குத் தெரியும்மா. ஏமாத்திருக்காரு.”

“ஏமாத்துனாக, சரி. நீ எதுக்குடி இப்பிடி முறைக்கிற? ஒனக்குத்தான் குடுத்தாகள்ல.”

அம்மாவுக்கு அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் கோம்பைக்குப் போனேன். தூங்காத அக்கா தங்கச்சி என்று யாரைக் கேட்பது? பள்ளிக்கூடத்தில் கேட்டேன், ரேஷன் கடை வரிசையில் கேட்டேன், பைத்தியம் என்று பார்த்தார்கள். கடைசியில் குழாயடியில் நின்ற ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, “கழுதப் படத்துக்காரரா?” என்றாள். அவள்தான் அக்கா. தங்கச்சியைப் போடியில் கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். வீட்டுக்குள் கூட்டிப்போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு மருந்து டப்பாவை எடுத்தாள்.

“எனக்குக் குடுத்ததுல சட்டையும் குச்சியும்தான் இருக்கு, கழுத இல்ல” என்று சொல்லி என் துண்டைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்களுதுல கழுததான் இருக்கு. சட்ட இல்ல.”

வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கழுதைதான். நாலு காலும் அந்தரத்தில். கீழே மலையும் இல்லை, தரையும் இல்லை. கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

“விழுகுதா, நிக்குதா?” என்றேன்.

“அதத்தான் நானும் தங்கச்சியும் இத்தன வருசமா பேசிக்கிறோம். அவ விழுகுதுங்கறா. நான், விழுகுறதா இருந்தா மொகம் இப்பிடியா இருக்கும்ங்கறேன்.”

“எனக்குத் தர்றீகளா? சேத்து ஒட்டலாம்.”

“தர மாட்டேன்” என்றாள் பட்டென்று. “பாத்துட்டுக் குடுங்க. வேணும்னா எழுதிக்கங்க.”

கோபம் வந்தது. ஆனால் நானும் தந்திருக்க மாட்டேன். நோட்டில் பென்சிலால் கழுதையை வரைந்துகொண்டேன். காது சரியாக வரவில்லை. அழித்து இரண்டாம் முறை வரைந்தேன்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இதைப் பஸ்ஸில் மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடலூர் தாண்டிவிட்டது, எழுத்து குலுங்குகிறது. மலையாளம் பேசின பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. லோயர் கேம்ப் மின்நிலையக் குடியிருப்பில் அந்தக் காலத்திலிருந்து இருக்கிற குடும்பங்கள் எவை என்று கேட்டு, அங்கே இருக்கும் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியருக்கு வியாழக்கிழமையே கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. வராவிட்டால் வீடு வீடாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று, லோயர் கேம்ப்புக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.